கைதட்டினால் கன்று வருமா?

தாயைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எவருக்கும் எழுதுகோல் சற்று இளகத்தான் செய்யும். தெய்வம் என்று சொல்லிவிட்டால் வேலை எளிது. தெய்வத்துக்குப் பசியில்லை, பிழையில்லை, பிறர் வயலில் நாற்று நடும் வேலையும் இல்லை. நம் தாயாருக்கு இம்மூன்றும் இருந்தன. ஆகவே அவரைப் பீடத்தில் ஏற்றாமல், சேற்றில் நின்ற கால்களோடே இங்கு அழைத்து வருகிறோம். அவர் அன்பினால் செய்த பிழை ஒன்று உண்டு. நாம் அறிவின் பெயரால் செய்த பிழை ஒன்று உண்டு. இரண்டும் ஒரே நாளில், ஒரே தெருவில், ஒரே குழந்தையின் மேல் விழுந்தன. அதைச் சொல்லவே இக்கட்டுரை.

திருத்துறைப்பூண்டிக்கு அருகே ஒரு சிற்றூர். 1936ஆம் ஆண்டு பிறந்தவர் நம் தாயார். ஏடறியார், எழுத்தறியார், கைநாட்டு வைப்பவர். நமக்கு 9 வயதாகும்போது தந்தையார் மறைந்தார். குறுவைக்கும் தாளடிக்கும் நடவு, களை, அறுப்பு என்று கூலிக்குப் போய், நம்மையும் நம் தங்கையையும் ஆளாக்கியவர் அவர். குடிசைக்குப் பின்னால் ஒரு கொட்டில். அதில் ஒரு பசு, அதன் கன்று, நான்கு வெள்ளாடுகள். கொட்டிலுக்கு வெளியே கணக்கில் அடங்காத ஓர் உலகம்: காலொடிந்த நாரை, கண் திறவாத பூனைக்குட்டிகள், எவரும் சோறு வைக்காத தெருநாய்கள், காலைக் கஞ்சிக்கு முன் கூரையில் வந்து காத்திருக்கும் காக்கைகள். தம் பங்கைக் குறைத்துக்கொண்டுதான் அவற்றுக்கு வைப்பார். நம் பங்கைக் குறைத்ததில்லை.

ஆந்தை அலறினால் சாவு என்று அண்டை வீட்டார் அஞ்சுவர். "அதற்குப் பசி, எலி பிடிக்க வந்திருக்கிறது. நம் நெல்லைத் தின்னும் எலியைத் தின்னுகிற பறவை நமக்குக் கேடு செய்யுமா?" என்பார் அன்னையார். பூனை குறுக்கே போனால் திரும்பி வந்து உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டுப் புறப்படுவோர் உண்டு. "அதற்கு என்ன அவசரமோ, பாவம்!" என்று சொல்லிவிட்டுத் தம் வழியே நடப்பார். பகுத்தறிவு என்ற சொல்லை அவர் நம் வாயிலிருந்துதான் கேட்டார். அந்தச் சொல் வருவதற்கு வெகு முன்பே அந்தப் பழக்கம் அவரிடம் இருந்தது.

அவர் புலால் மறுத்தவரா என்று கேட்கக் கூடும். இல்லை. கிடைத்த நாளில் மீன் குழம்பு வைப்பார், உண்பார். உயிர்களிடம் இரக்கம் என்பது சிலருக்கு மட்டும் உரிய தூய்மை என்றும், இலையில் விழும் உணவைப் பார்த்தே உள்ளத்தை எடை போடலாம் என்றும் நினைப்போருக்கு நம் தாயார் ஒரு விடையாக வாழ்ந்தார். நெய்ச்சோறு உண்ட கையாலேயே எருதின் விலாவில் தார்க்குச்சியைக் குத்தியவர்களை அவர் கண்டிருக்கிறார்.

மாட்டுப் பொங்கலன்று பண்ணை வீட்டில் எருதுகளுக்கு மாலையிட்டு, பொட்டிட்டு, கற்பூரம் காட்டுவார்கள். ஊரே கூடி நிற்கும். ஓர் ஆண்டு நம் தாயார் முன்னே போய், மாலையை மெல்ல நகர்த்தி, உள்ளே இருந்த நுகத்தடிப் புண்ணைக் காட்டி, "வேப்பெண்ணெய் கொண்டு வந்திருக்கிறேன், பூசட்டுமா?" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. கற்பூரம் காட்டிய கை தாழ்ந்தது. முள் பதித்த தார்க்குச்சியைச் சட்டமே தடுக்கிறது என்பது அவருக்குத் தெரியாது. ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவையில் விதைத்த முயற்சி 1960இல் விலங்கு வதைத் தடுப்புச் சட்டமாக முளைத்ததும், 1965இல் அதன்கீழ் வந்த விதிகள் அந்தக் குச்சிக்குத் தடை போட்டதும் நாம் பின்னாளில் படித்தவை. சட்டம் வந்து சேராத சேற்று வயலில், குச்சியின் நுனியிலிருந்த ஆணியைப் பிடுங்கி எறிந்தவர் அவர்.

நம் பக்கத்து உம்பளச்சேரி மாட்டைக் கீழத்தஞ்சையார் அறிவர். பிறக்கும்போது கன்று செந்நிறம். சில திங்களில் சாம்பல் நிறமாக மாறும். நெற்றியிலே வெள்ளைச் சுட்டி. குட்டையான, உறுதியான கால்கள். முழங்கால் சேற்றில் ஏர் இழுக்கவென்றே அமைந்த இனம். அந்த எருதுகளுக்குக் கொம்பைத் தீய்ப்பதும், காதை வெட்டிச் சீராக்குவதும், உடம்பில் சூட்டுக்கோல் இழுப்பதும் வழிவழி வந்த வழக்கம். அழகு என்பார் சிலர். நோய் அண்டாது என்பார் சிலர். சூடு போடுகிறவர் ஒருநாள் நம் கொட்டிலுக்கும் வந்தார். நம் தாயார் அவரைத் திண்ணையில் உட்கார வைத்து, ஒரு செம்பு மோர் கொடுத்து, அவர் குடித்து முடித்த பிறகு, "அண்ணே, சூடு போட்டால் நோய் வராது என்கிறீர்களே, போன மாசம் உங்களுக்குக் காய்ச்சல் வந்தபோது எங்கே போட்டுக்கொண்டீர்கள்?" என்று கேட்டார். அவரும் சிரித்தார், கோலை எடுத்துக்கொண்டு போனார். முதலில் மோர், பிறகு கேள்வி. அந்த வரிசையை நாம் அப்போது கவனிக்கவில்லை.

ஊசியின்மேல் அவருக்கு நம்பிக்கை வந்த கதையையும் சொல்ல வேண்டும். அவர் சிறுமியாக இருந்தபோது வெக்கை நோய் வந்து ஊர் மாடுகளை வாரிக்கொண்டு போயிற்று. அவர் தந்தை எல்லைக் கோயிலுக்குக் கிடா வெட்டினார். கொட்டிலில் மாடு மிஞ்சவில்லை. 1954 முதல் வெக்கை நோயை ஒழிக்க அரசு திட்டமிட்டுத் தடுப்பூசி போடலாயிற்று. மாட்டாஸ்பத்திரியிலிருந்து வந்தவர்கள் ஊர் ஊராகப் போட்டார்கள். ஊசி போட்ட மாடு நின்றது. போடாத மாடு சாய்ந்தது. அதைக் கண்ணால் கண்டவர் அவர். 2006இல் இந்தியா அந்நோயிலிருந்து விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது. 2011இல் உலகிலிருந்தே அது ஒழிந்தது. பெரியம்மைக்குப் பின் மனிதன் வேரோடு பிடுங்கிய இரண்டாவது நோய் அது. செய்தித்தாளில் அதை நாம் படித்துக் காட்டியபோது, "அந்தக் கிடாவும் பிழைத்திருக்கலாம்," என்றார்.

இனி 1974க்கு வருவோம். நமக்கு வயது 21. ஊரில் ஒரு படிப்பகம் தொடங்கி, அதற்குச் செயலாளராகவும் இருந்தோம். கூரை வேய்ந்த ஓர் அறை, இரண்டு விசுப்பலகை, நாலைந்து ஏடுகள், நிறைய ஆணவம். மூடநம்பிக்கை எங்கே தென்பட்டாலும் முழங்கால் போட்டு மிதிப்பது என்பது நம் கொள்கை. மிதிபடுவது நம்பிக்கையா, நம்பியவனா என்று பார்க்கும் பொறுமை நமக்கு இல்லை.

நம் தாயார் சோறு வைத்து வந்த ஒரு தெருநாய், ஒரு காலை, வாயை மூட முடியாமல், எச்சில் ஒழுக, தொண்டையில் ஏதோ சிக்கியதுபோல் தவித்தபடி வாசலில் வந்து நின்றது. எலும்பு சிக்கியிருக்கிறது என்று எண்ணினார். எடுத்துவிடலாம் என்று வாய்க்குள் கைவிட்டார். பக்கத்து வீட்டுச் சிறுவன், 8 வயதுப் பிள்ளை, அவருக்கு உதவியாக அருகே குந்தியிருந்தான். அத்தை போகுமிடமெல்லாம் போகிற பிள்ளை அவன். நாய் அவரையும் கடித்தது. விலகும்போது அவன் முன்கையையும் கடித்துவிட்டு ஓடிற்று. வெறிநோய் கண்ட நாய்க்குத் தாடை தளர்ந்து எலும்பு சிக்கியதுபோலவே தோன்றும் என்பதை அவர் அறியார். அன்பு கைவிட்டுப் பார்த்தது. அறிவு இருந்திருந்தால் கையை எடுத்திருக்கும்.

வெறிநோயின் நச்சுயிரி காயத்தின் வழியே நரம்புக்குள் புகுந்து, அந்த நரம்பைப் பற்றிக்கொண்டே மூளையை நோக்கி மெல்ல ஊர்கிறது. மூளையைத் தொடப் பெரும்பாலும் சில வாரங்கள் முதல் சில திங்கள் வரை ஆகும். தொட்டு, நோய்க்குறி தோன்றிவிட்டால் பிழைத்தவர் மிக அரியர். ஆனால் அந்த இடைவேளையில் தடுப்பூசி முந்திக்கொண்டால் உயிர் நிற்கும். 1885ஆம் ஆண்டு ஜூலை 6ஆம் நாள் பாரிஸ் நகரில் லூயி பாஸ்டர், நாய் கடித்த 9 வயதுச் சிறுவன் ஜோசப் மைஸ்டருக்கு அந்த ஊசியைப் போடச் செய்து காப்பாற்றினார். நம் குன்னூரில் பாஸ்டர் நிலையம் 1907இலேயே எழுந்தது. இவையெல்லாம் படிப்பகத்து ஏடுகளில் நாம் படித்தவை. பிறருக்குப் படித்துக் காட்டியவை.

நம் தாயார் மாட்டாஸ்பத்திரிக்கு ஓடினார். சவுக்காரம் போட்டு நெடுநேரம் கழுவச் சொன்ன மருத்துவர், மறுநாளே நகரத்து மருத்துவமனைக்குப் போய் ஊசியைத் தொடங்க வேண்டும் என்றார். அவர் திரும்பி வருவதற்குள் சிறுவனின் காயத்தில் சுண்ணாம்பும் மிளகாய்த்தூளும் வைத்துக் கட்டியிருந்தார்கள். அவற்றைக் கழுவிவிட்டு, அவன் தந்தையிடம் பேசினார். அவரும் கூலிக்காரர். ஊசிக்குக் காசில்லை; ஆனால் 14 நாள் பேருந்துக்குக் காசு வேண்டும்; 14 நாள் கூலி போகும். ஓர் ஆட்டை விற்றுத் தருகிறேன் என்றார் நம் தாயார். நெடுநேரத்துக்குப் பின் அவர் இசைந்தார். "காலை வண்டிக்கு வருகிறோம். இன்று இரவு மட்டும் மந்திரித்து ஒரு கயிறு கட்டிக்கொள்கிறோம், அவன் தாய் மனம் ஆறட்டும்," என்றார். நம் தாயார் சரி என்றார். கயிறு கட்டிய கையிலும் ஊசியின் மருந்து வேலை செய்யும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

நமக்குத் தெரியவில்லை. மாலையில் படிப்பகத்து வாசலில் பத்துப் பதினைந்து பேரோடு நின்றிருந்தோம். மகனைத் தோளில் தூக்கிக்கொண்டு அந்தத் தந்தை மந்திரிக்கப் போனார். நாம் கை தட்டி அழைத்து, உரத்த குரலில், "வேப்பிலையைக் கண்டால் நாயின் பல்லுக்கு அச்சமோ? மந்திரிப்பவரை அந்த நாயின் முன் நிறுத்திப் பார்ப்போமா?" என்று கேட்டோம். கூட்டம் சிரித்தது. சிரிப்பு நமக்கு இனித்தது. இன்னும் இரண்டு சொன்னோம். அவர் ஒன்றும் பேசவில்லை. தோளில் இருந்த பிள்ளையின் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு நடந்தார்.

காலை வண்டிக்கு அவர் வரவில்லை.

நம் தாயார் தம் முதல் ஊசியைப் போட்டுக்கொண்டு திரும்பியதும் அவர் வீட்டுக்குப் போனார். "நீ சோறு போட்ட நாய் கடித்தது, நீ பெற்ற பிள்ளை சிரித்தது. உங்கள் வீட்டு நன்மை எங்களுக்கு வேண்டா," என்று கதவைச் சாத்தினார்கள். மறுநாளும் போனார். அதற்கடுத்த நாளும் போனார். நாமும் ஒருநாள் போனோம். திண்ணைக்குக் கீழேயே நிறுத்தப்பட்டோம். எத்தனையோ மேடைகளில் பேசப் பழகிய நாவுக்கு அங்கே ஒரு சொல் வரவில்லை.

நாற்பது நாள் வாக்கில் அந்தப் பிள்ளை தண்ணீரைக் கண்டு நடுங்கினான். மேலே எழுத விரும்பவில்லை. மூன்றாம் நாள் அவன் இல்லை.

அன்று இரவு, "நாம் சொன்னதில் தவறு என்ன, அம்மா? சொன்னது உண்மைதானே?" என்று கேட்டோம். குற்றத்தை மறைக்க வாதத்தைத் தேடுவது படித்தவன் இயல்பு. நம் தாயார் கன்றுக்குப் புல் அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார். திரும்பாமலே சொன்னார்:

"உண்மைதான் தம்பி. மிரண்டு நிற்கிற கன்றைப் பிடிக்கப் போகிறவன் கையைத் தட்டிக்கொண்டா போவான்? அது கிணறு இருக்கிற பக்கம் ஓடிவிடாதா?"

சற்றுப் பொறுத்து, "நானும்தான் தப்புச் செய்தேன். சோறு போடத் தெரிந்த அளவுக்கு அதன் நோவு எனக்குத் தெரியவில்லை," என்றார்.

மனிதரை மாட்டோடு ஒப்பிட்டார் என்று எவரும் சினக்க வேண்டா. அச்சம் எல்லா உயிருக்கும் ஒன்று. கொட்டிலில் நெடுங்காலம் நின்றவருக்கு அது தெரியும். மிரண்ட கன்றிடம் போகிறவன் பின்னாலிருந்து பாயமாட்டான், அது பார்க்கும்படி முன்னால் வருவான், குரலைத் தாழ்த்துவான், கையில் புல் வைத்திருப்பான், அது ஓரடி வந்தால் தான் ஈரடி எடுத்துப் பதறமாட்டான். அந்தத் தந்தை ஓரடி வந்திருந்தார். நாம் கைதட்டினோம்.

அந்த 14 நாளும் நம் தாயார் தனியே போய் வந்தார். வயிற்றைச் சுற்றி, நாளுக்கொன்றாக ஊசி. வீங்கிய வயிற்றோடு அடுத்த நாள் நடவுக்கும் போனார். அந்நாளைய ஊசி மருந்து, வெறிநோய் ஏற்றிய ஆட்டின் மூளையிலிருந்து எடுத்து, நச்சுயிரியைக் கொன்று ஆக்கப்படுவது என்று நாம் படித்ததைச் சொன்னோம். கேட்டுவிட்டு வெகுநேரம் சும்மா இருந்தார். பிறகு, "அப்படியானால் அந்த ஆட்டுக்கு நான் கடன்பட்டவள்," என்றார். கடவுளுக்கு நன்றி சொல் என்று சொன்னவர்களிடமும் இதையே சொன்னார்.

கடனை அவர் அடைத்த விதம் ஊர் அறியும். மறுபடியும் நாய்களுக்குச் சோறு வைத்தார். ஆனால் அன்றுமுதல் அவர் சோறு வைத்த நாய் எதுவும் ஊசி இல்லாமல் இருந்ததில்லை. மருந்து கிடைக்கும்போதெல்லாம் மாட்டாஸ்பத்திரிக்குக் கயிற்றில் கட்டி நடத்திச் செல்வார். பிடிகொடாத நாயை மடியில் போட்டுக் காதைத் தடவிக்கொண்டிருப்பார். ஊசி போட்டு முடித்தது அதற்குத் தெரியாது. எழுதத் தெரியாத அவர், கொட்டில் சுவரில் ஊசிக்கு ஒரு கரிக்கோடு இழுத்து வைப்பார். சோறு போட்டவள் கடமை சோற்றோடு முடியாது என்பதற்கு அந்தச் சுவரே சாட்சி.

நமக்கும் ஒரு வாய்ப்பு வந்தது. 1981இல் மேலத்தெருவில் ஒரு சிறுமியை நாய் கடித்தது. அவள் பாட்டி வேர் கொடுக்கும் ஒருவரிடம் புறப்பட்டுக்கொண்டிருந்தாள். நாம் போய்த் திண்ணையில் உட்கார்ந்தோம். தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தோம். அந்த மூதாட்டி அஞ்சுவதெல்லாம் என்ன என்று கேட்டோம்: ஊசி குத்தும் வலி, நகரத்து மருத்துவமனையின் அதட்டல், வீட்டில் தனியே விடப்படும் கைக்குழந்தை. வேரைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. கைக்குழந்தையை நம் தாயார் பார்த்துக்கொண்டார். 14 நாளும் நாம் உடன் போய், வரிசையில் நின்று வந்தோம். ஏழாம் நாள் பேருந்தில் அந்த மூதாட்டியே, "வேரெல்லாம் எதற்குத் தம்பி?" என்றாள். அந்தச் சிறுமி இன்று பேரப்பிள்ளை கண்டவள். இந்த ஒரு கணக்கை அந்த மற்றொரு கணக்கோடு நேர் செய்ய இயலாது. நாம் நேர் செய்யவும் முயலவில்லை.

ஆட்டு மூளையிலிருந்து எடுத்த அந்தப் பழைய மருந்தை 2005க்குள் நம் நாடு கைவிட்டது. இன்று வயிற்றில் குத்துவதில்லை; கையில் போடும் சில ஊசிகளே போதும். கடிபட்டவுடன் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவுவதும், தாமதமின்றி மருத்துவமனைக்குப் போவதும் உயிரைக் காக்கும். காயம் ஆழமானால் ஊசியோடு எதிர்ப்புப் புரதமும் காயத்தில் செலுத்துவார்கள். பாஸ்டர் மறைந்த செப்டம்பர் 28ஆம் நாளை 2007 முதல் உலக வெறிநோய் நாளாகக் கொள்கிறார்கள். நாய்க்கடியால் வரும் இந்தச் சாவை 2030க்குள் இல்லாமற் செய்வது உலகம் வைத்திருக்கும் குறி. தெருநாய்களைப் பற்றி 2025இல் உச்ச நீதிமன்றம் வரை வழக்கும், வீதிதோறும் வாதமும் நடந்தன. கொல் என்பார் ஒரு பக்கம். கொஞ்சு என்பார் ஒரு பக்கம். நம் தாயார் இருந்திருந்தால், இரு பக்கத்தாரிடமும், "ஊசி போட்டீர்களா?" என்று கேட்டிருப்பார்.

2017இல், 81ஆம் வயதில், அவர் மறைந்தார். சடங்கின்றி அடக்கம் செய்தோம். அவர் விருப்பமும் அதுவே. காக்கைக்குச் சோறு வைக்கவில்லையா என்று உறவினர் கேட்டனர். உயிரோடிருந்தபோதே நாள்தோறும் வைத்தவர் அவர். அவர் பெயரால் ஒருநாள் வைத்து நிறுத்திக்கொள்வானேன்? நாமும் நாள்தோறும் வைக்கிறோம். காக்கைக்குப் பசி என்பதற்காக வைக்கிறோம்.

இளைஞர்களே! அறியாமை சினத்தக்கதுதான். அதை வளர்த்துப் பிழைப்போரிடம் நாம் கடுமை காட்டத்தான் வேண்டும். ஆனால் பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடுகிறவன் அந்தப் பிழைப்பாளன் அல்லன்; அவன் அஞ்சியவன். அவனிடம் உண்மையைக் கொண்டு போங்கள். ஊர் சிரிக்கும் ஓசையை உடன் கொண்டு போகாதீர்கள். கையில் பேருந்துக் காசும், நெஞ்சில் பொறுமையும், முடிந்தால் ஒரு செம்பு மோரும் கொண்டு போங்கள். அறிவில்லாத அன்பு நாயின் வாயில் கைவிட்டது. அன்பில்லாத அறிவு கைதட்டிச் சிரித்தது. இரண்டுக்கும் நடுவே ஒரு குழந்தை இறந்தது.

கொட்டிலுக்கு வெள்ளையடித்தபோது கரிக்கோட்டுச் சுவரை மட்டும் விட்டுவிட்டோம். அதை எவரும் வணங்குவதில்லை. அது ஒரு கணக்கு. சென்ற செப்டம்பரில் இன்னும் நான்கு கோடுகள் இழுத்தோம்.